கறிக்கடைத் தெருவில் சீசர்

நாய்க்கு வாக்கிங் எதற்கு என்று கிழக்குத் தாம்பரத்தில் அப்போது யாருக்கும் தெரியாது. வாக்கிங் என்பது சர்க்கரை வந்தவர்கள் டாக்டர் சொன்னதற்காக வேண்டாவெறுப்பாகச் செய்யும் காரியம். நாய் என்பது கேட்டுக்குப் பக்கத்தில் கட்டிக்கிடந்து தபால்காரரைப் பார்த்துக் குரைப்பது. இந்த இரண்டையும் சேர்த்தால் ஒரு தொழில் ஆகும் என்று, ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எனக்குத் தோன்றியது. வேலை தேடிக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாமாவிடம் முதலில் சொன்னேன்.

"நாய்க்கு வாக்கிங்கா? ஏன், அதுக்கு சுகரா?" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் இந்த நகைச்சுவை காலனி முழுவதும் பரவியிருந்தது.

நாங்கள் இருந்தது மாடிப் போர்ஷன். வாடகைக்கு வரும்போதே வீட்டுக்காரர் சொன்ன நிபந்தனைகளில் நாய் கூடாது என்பதும் ஒன்று. சொந்தமாக ஒன்று வளர்க்க வழியில்லாததால் ஊரார் நாய்களை நடத்திப் பார்க்கலாம் என்பதே என் திட்டத்தின் அடிப்படை. மளிகைக்கடைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினேன். உங்கள் செல்ல நாயைப் பொறுப்புடன் நடக்க அழைத்துச் செல்வோம், காலை நேரம் மட்டும், கடிக்கும் நாய் என்றால் முன்கூட்டியே தெரிவிக்கவும். நிறுவனத்தில் நான் ஒருத்திதான் என்றாலும் ‘செல்வோம்’ என்று பன்மையில் எழுதுவதுதான் முறை என்று நினைத்தேன். கீழே வீட்டு லேண்ட்லைன் எண். முதல் அழைப்பை அம்மா எடுத்தபோதுதான் எனக்கு ஒரு தொழில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அம்மா தடை சொல்லவில்லை. நிபந்தனை சொன்னாள். தனியாகப் போகக்கூடாது, அத்தை கூட வர வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. பி.காம். முடித்தவள். அந்த ஆண்டு தை மாதத்தில் நடக்க இருந்த அவள் கல்யாணம், நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டாரால் நின்றுபோனது. அதைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெருவில் பேசலாம் போலிருந்தது. அத்தையைப் பார்க்கும் எல்லாப் பெண்களும், "அப்புறம்? வேற ஏதாவது அமைஞ்சுதா?" என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அத்தை கேட்டைத் தாண்டுவதை நிறுத்திக்கொண்டாள். யாராவது விசாரித்தால், அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை என்று அம்மா சொல்வாள். நானும் அப்படியே நம்பினேன். அதனால்தான் காலை நேரம் என்றதும் அத்தை சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. "ஆள் நடமாட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள திரும்பிடணும்," என்று மட்டும் சொன்னாள். வெயில் ஏறுவதற்குள் என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன்.

முதல் வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவரின் பொமரேனியன். வட்டமாக, வெள்ளையாக, இரண்டு வீடு தாண்டியதும் உட்கார்ந்துவிடும். பாதி வழி அதை நாங்கள்தான் தூக்கிக்கொண்டு நடந்தோம். இதைத் தொழில் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பிறகு வந்தான் சீசர்.

பின் தெருக் கணக்கு டீச்சர் வீட்டு அல்சேஷன் அவன். டீச்சரின் கணவர்தான் அவனோடு ஓடுவார், உருளுவார். அவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து சீசர் ஊளையிட ஆரம்பித்தான். சாயங்காலம் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் யாரும் டிவி பார்க்க முடியாது. எல்லோரும் முறையிட்டு முறையிட்டு, டீச்சர் அவனைப் படப்பையில் செங்கல் சூளை வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் வருவதாக இருந்தது. நான் போய் நின்றபோது டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்ன விட அவன் வெயிட்டு ஜாஸ்தி, பாப்பா."

"எங்க அத்தை இருக்காங்க டீச்சர்."

"சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. அவன் அடங்கினான்னா யோசிக்கறேன். இல்லேன்னா வண்டி வந்துடும்."

சூளையில் அவனைச் சங்கிலியில் கட்டிப்போட்டு லாரிகளைப் பார்த்துக் குரைக்க விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நிறுவனத்தின் மானமும் சீசரின் வாழ்வும் ஒரே கயிற்றில் இருந்தன. அந்தக் கயிற்றை அத்தை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நாய் என்றாலே பயம். இருந்தாலும் பொமரேனியனை என்னிடம் தள்ளிவிட்டு, பெரியவனைத் தானே பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் சீசர் எங்களை இழுத்துக்கொண்டு ஓடினான். போகப்போக, எங்களோடு ஓடினான். சாயங்கால ஊளை பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் சனிக்கிழமை எங்கள் வழக்கமான தெருவில் ஏதோ கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். நான் கலங்கவில்லை. மாற்று வழி ஒன்றை ஏற்கெனவே நடந்து பார்த்து வைத்திருந்தேன். அகலமான தெரு, ஷட்டர் இறக்கிய கடைகள், பகையாளி நாய்க்கூட்டம் எதுவும் இல்லை. இன்று மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. என் வாழ்நாளில் நான் செய்த மிக மோசமான சோதனை அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். நான் அந்தத் தெருவைப் பார்த்தது வார நாளில்.

எங்கள் வீடு சுத்த சைவம். ஞாயிறு காலை என்றால் எங்களுக்கு ரேடியோவும் தாமதமான குளியலும்தான். மற்ற வீடுகளில் ஞாயிறு காலை எங்கே போகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. போதாக்குறைக்கு அந்த ஞாயிறு டீச்சர் முதல் பூசைக்குச் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்துதான் சீசரை ஒப்படைத்தார். நாங்கள் கிளம்பும்போதே வெயில் வந்துவிட்டது.

தெரு திரும்பினோம். இறங்கியே கிடந்த ஷட்டர் ஏறியிருந்தது. உள்ளே தோலுரித்த ஆடுகள் வரிசையாகத் தொங்கின. வெளியே பாதித் தாம்பரம் வயர்கூடையும் தூக்குவாளியுமாக வரிசையில் நின்றது. கடை வாசலில், சுற்று வட்டாரத் தெருநாய்கள் அத்தனையும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல மரியாதையாகக் காத்திருந்தன.

சீசர் மூக்கை உயர்த்தினான்.

அடுத்த கணம் பந்தி எழுந்தது. பத்துப் பதினைந்து நாய்கள் ஒரே குரலில் குரைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தன. சீசர் பின்னங்கால்களில் எழும்பி நின்று கயிற்றை இழுத்தான். நான் பொமரேனியனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "சிட்! சீசர், சிட்!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் மனிதர்கள் தமிழ் பேசினாலும் நாய்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அன்று ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. வரிசை கலைந்தது. யாருடைய தூக்குவாளியோ உருண்டது. "ஐயோ, புடிங்க! புடிங்க!" என்றார்கள், பிடிப்பதற்கு யாரும் வராமல்.

அத்தை கயிற்றை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். செருப்பை உதறிவிட்டுக் காலை ஊன்றினாள்.

"டேய்! உக்காருடா!"

அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் சேர்த்துவைத்ததுபோல இருந்தது. சீசர் உட்கார்ந்தான். முன்னால் வந்த தெருநாய் ஒன்றும் உட்கார்ந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவரும் பாதி உட்கார்ந்து எழுந்ததாகக் கறிக்கடை பாய் பிறகு எல்லோரிடமும் சொன்னார். அந்த பாய்தான் சட்டென்று கழிவுத் துண்டுகளை அள்ளிக் கடையின் மறுபக்கம் வீசினார். தெருநாய்கள் அந்தப் பக்கம் ஓடின.

"யக்கா, நீ போய்க்கினே இரு! இதுங்கள நான் பாத்துக்கறேன்!"

அத்தை போனாள். ஓரமாக அல்ல, தெருவின் நடுவே, வெறுங்காலோடு, தலையை நிமிர்த்திக்கொண்டு. சீசர் அவள் முழங்காலை ஒட்டியே நடந்தான். வரிசை இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அதில் எங்கள் பக்கத்து வீட்டு மாமியார் மருமகள், அப்பாவின் அலுவலக நண்பர், எல்லோரும் இருந்தார்கள். வழக்கமாகக் கேட்கும் பெண் ஒருத்தி, "என்னம்மா, அப்புறம்..." என்று ஆரம்பித்தாள். சீசர் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, "...நல்லா இருக்கியா?" என்று முடித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கேன்க்கா," என்றாள் அத்தை.

வரிசையின் கடைசியில் கணக்கு டீச்சர் நின்றுகொண்டிருந்தார், பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையை இன்னும் மாற்றாமல். எங்களைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்தார். பிறகு குனிந்து சீசரின் காதைத் தடவினார்.

"வண்டிய வர வேணாம்னு ஃபோன் பண்ணிடறேன். நாளைக்கும் இதே நேரம் வந்துடுங்க ரெண்டு பேரும்."

நான் பொமரேனியனோடு குதித்தேன். விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம். கறி வாங்க நின்றவர்களில் நாய் வைத்திருந்தவர்கள் அங்கேயே என்னிடம் விசாரித்தார்கள். அடுத்த வாரம் எங்களிடம் ஒரு டாஷ்ஹண்டும், ஒரு கிழட்டு லாப்ரடாரும், வீட்டுக்காரரின் மைத்துனர் வளர்த்த ஒரு நாட்டு நாயும் சேர்ந்தன. பொத்தேரி வரை போய் இன்டர்வியூ முடித்துத் திரும்பியிருந்த மாமா, கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு பொறுப்புள்ள முதலாளி செய்ய வேண்டியதை நானும் செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்குள் புதிய பாதை ஒன்றைக் கண்டுபிடித்தேன். கறிக்கடை இல்லை, கூட்டம் இல்லை, மரநிழல் உண்டு. ஞாயிறு காலை அதை அத்தையிடம் விளக்கினேன். அவள் கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். தை மாதக் கல்யாணத்துக்கென்று தைத்து, பீரோவிலேயே கிடந்த மயில்கழுத்து நிறச் சுடிதாரைப் போட்டிருந்தாள்.

"அதெல்லாம் வேணாம். போன வாரம் போன வழியிலயே போலாம்," என்றாள்.

"அத்தை, அங்கதான் எல்லாரும் இருப்பாங்க."

"தெரியும். கெளம்பு, வரிசை கலைஞ்சிடப் போகுது."

விடுமுறை முழுவதும் ஞாயிறு தவறாமல் அந்தத் தெருவுக்கே அவள் எங்களைக் கூட்டிப்போனாள். அவசரமே இல்லாமல் நடந்தாள். கடைக்கு எதிரே சில சமயம் நின்றுகூடப் பார்த்தாள். நான் பல நாள் யோசித்தேன். கடைசியில், எங்கள் சைவ வீட்டில் பிறந்த அத்தைக்கு ஆட்டுக்கறியின் மேல் ரகசியமாக ஆசை வந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். பாவமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லாமல் காப்பாற்றினேன்.