மூன்றாவது வயர்

மண்பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தால், உள்ளே அதிரும் பாட்டு முழங்கை வரை ஏறிக் குறுகுறுக்கும். தச்சநல்லூரில் எங்கள் முன்னறையின் இரு மூலைகளிலும் வாயில் ஸ்பீக்கர் பொருத்திய பானைகள் இருந்தன. நடுவில் பலகை மேல் டேப் டெக், ஆம்ப்ளிபயர், இரண்டுக்கும் இடையே அம்மாவின் தம்பியான மாமா தானே செய்து சேர்த்த, ஒலியைக் கூட்டிக் குறைத்துச் சீராக்கும் ஈக்குவலைசர். எல்லாம் சேர்ந்ததுதான் ‘செட்டு’.

பானைகளுக்கு நான்கு வயர் போகவேண்டிய இடத்தில் மாமா மூன்றே போட்டிருந்தார்: பானைக்கு ஒரு சிவப்பு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கறுப்பு. ஒருநாள் நான் பெருக்கும்போது ‘வாரியல்’ மாட்டிக் கறுப்பு வயர் ஆம்ப்ளிபயரிலிருந்து கழன்றுவிட்டது. பயத்தில் அதைப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். சாயங்காலம் மாமா பாட்டுப் போட்டபோது தபேலாவும் வயலினும் கேட்டன. பாடுபவர் குரல்தான் எங்கோ அமுங்கிப்போயிருந்தது.

“பாடுதவன் கெணத்துக்குள்ள விழுந்துட்டானாலே?” என்றாள் அம்மா.

“ஈக்குவலைசரு எபெக்ட்டுக்கா அது! ஒனக்கு என்ன தெரியும்” என்றார் மாமா. பாட்டுத்தான் கேட்கிறதே, அது வேண்டாத வயர் போலும் என்று நானும் நிம்மதியானேன்.

அப்பாவுக்குத் துபாயில் கட்டட வேலை. எழுத வராது என்பதால் பேசிப் பதிந்த கேசட்தான் அவர் கடிதம். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே நாங்கள் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். நான்கு மாதம் கழித்து அந்த வாரம் ஒரு கேசட் வந்தது. அம்மா தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மாமா டெக்கை ஓடவிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. புரட்டிப் போட்டாலும் அதேதான்.

“மச்சான் பட்டன அமுக்காமலே பேசியிருக்காவ” என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“நம்மட்ட பேச ஒண்ணும் இல்ல போல” என்றாள்.

“வெறுங்கேசட்டுதானக்கா. கொண்டுபோற அண்ணாச்சி நாளைக்குக் கெளம்புதாரு, நாம பேசி அனுப்பிருவோம்” என்று மாமா மைக்கைச் சொருகி, ரெக்கார்டு பட்டன் மேல் விரலை வைத்தார்.

வயர் கழன்ற பிறகுதானே பாடுபவர் குரல் போனது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டு ஆட்களிடம்கூட வாய் திறக்கக் கூசுகிறவள் நான். எப்படியோ கத்திவிட்டேன்: “மாமா, அமுக்காதிய! நான் ஒரு வயர பிடுங்கிட்டேன்.”

மாமா பானைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “எபெக்ட்டுன்னு தெருவெல்லாம் பெருமையடிச்சேனே, ஏட்டி!” என்றவர், ஒரு வார்த்தை திட்டாமல் கறுப்பு வயரைச் சொருகினார். டேப்பை மறுபடி ஓடவிட்டதும் அப்பா பேசினார். பொது வயர் இல்லாவிட்டால் இரு பானைக்கும் ஒரே மாதிரி போகும் சத்தம் ஒன்றையொன்று அழித்துவிடும், பாடுபவர் குரலும் அப்பா குரலும் அப்படிப் போனவைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அம்மா பானைக்கு அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள். எல்லாரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் அப்பா, “ஏட்டி, போன கேசட்டுல எல்லார் சத்தமும் இருந்துச்சு, ஒன் சத்தம் இல்லயே. ரெண்டு வார்த்த பேசுட்டி” என்றார்.

அன்று மைக்கில் முதலில் பேசியது நான்தான்.

அடுத்த விடுப்பில் வந்த அப்பாவின் பெட்டியில் அந்தக் கேசட் இருந்தது. மறுபடி யாரும் பதிய முடியாதபடி, அதன் விளிம்பிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்திருந்தார்.

இன்று என் மகன் வயரே இல்லாமல் போனையும் ஸ்பீக்கரையும் சேர்த்துவிடுகிறான். செட்டும் இல்லை, மாமாவும் அப்பாவும் இல்லை. அப்பாவின் பேச்சின் மேல்தான் நாங்கள் எங்கள் பேச்சைப் பதிந்தோம் என்பதால் அவர் குரலும் மிச்சமில்லை. அன்று திட்டாமல் விட்ட மாமாவை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கேசட்டில் அப்படி என்ன பேசினாய் என்று மகன் கேட்கிறான். பள்ளிக்கூடம் போகிறேன், சாப்பிட்டுவிட்டேன் என்றேன், அவ்வளவுதான். அதைத்தான் அப்பா யாரும் அழித்துவிடாதபடி பத்திரப்படுத்தியிருந்தார்.