உண்ணிக் காய்ச்சலில் வந்த ஆத்தா

இராமநாதபுரம் கால்நடை ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை கிடைத்து ஒரு வருஷமாகியும் ஆத்தா வந்து பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டுப் போட்டு நுண்ணோக்கி முன்னால் நான் உட்கார்ந்திருப்பதை அவள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று ஏங்கினேன். கூப்பிட்டால், "ஆட்ட யாருடி பாக்குறது?" என்பாள்.

கடைசியில் ஆட்டுக்கிடை காக்கும் எங்கள் நாய்தான் அவளை வரவைத்தது. ஆடுகளைப் பக்கத்துக் கிடைக்காரரிடம் விட்டுவிட்டு, திருப்புல்லாணிக்கு அப்பாலிருந்து அதைத் தோளில் போட்டு நடந்தே வந்திருந்தாள். நாய்க்கு மூக்கில் ரத்தம், உடம்பு கொதித்தது.

டாக்டர் சொன்னபடி அதன் காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். பெரிய வெள்ளணு ஒன்றுக்குள் மல்பெரிப் பழம்போல ஊதா நிறத்தில் ஒரு கொத்து. உண்ணி கடிக்கும்போது உள்ளே இறங்கும் கிருமி அது. கிருமியை விழுங்கிக் கொல்வது வெள்ளணுவின் வேலை. இந்தக் கிருமியோ தன்னை விழுங்கிய வயிற்றுக்குள்ளேயே பெருகிக் கொண்டிருந்தது.

"இங்கன கண்ண வச்சுப் பாரு ஆத்தா."

"என் இமை மயிருதான் தெரியுது."

"ஒரு கண்ண மூடு."

"மூடிட்டேன். இப்ப ஒண்ணுமே தெரியல. இதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாக?"

பிறகு நாயின் உடம்பில் உண்ணி பிடுங்கி, பழக்கப்படி இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே நசுக்க ஆரம்பித்தாள். பதறிப்போனேன்.

"நகத்துல நசுக்காத. மண்ணெண்ணெயில போடு."

"படிச்ச புள்ள உண்ணிக்குப் பயப்படுது பாரு," என்றாள் நாயிடம்.

மனிதருக்கும் இது வருமா என்று டாக்டரைக் கேட்டேன். தான் படித்ததில் அப்படி இல்லை என்றார். எனக்கு மனசு ஆறவில்லை.

மருந்து கொடுத்த நாளெல்லாம் ஆத்தா என் அறையில் தங்கினாள். சாயங்காலம் தெருமுனையிலேயே கருவாட்டுக் குழம்பு மணக்கும். மருந்து கொஞ்சம் மெதுவாக வேலை செய்யட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு காலையில் நாய் எழுந்து கஞ்சிச் சட்டியை நக்கித் துடைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆத்தா மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"இன்னைக்கி ஒரு நா இரேன்."

"அதான் நாயி எந்திரிச்சிருச்சுல்ல. இனி நான் எதுக்கு?"

வாசலில் நின்று புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒனக்குக் காச்ச கீச்ச இல்லையே?"

"இல்ல ஆத்தா."

"அப்பச் சரி. போயிட்டு வாரேன்."

கொஞ்சம் சுட்டிருக்கக் கூடாதா என்று என் கழுத்தின்மேல் எனக்கே கோபம் வந்தது.