பிலாட்டீஸ் பாயில் ஒரு நடுக்கம்

இன்று கருவடிக்குப்பத்தில் ஒரு மாடியறையில் என் முதல் பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பு. பாயை விரித்து மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். இதைத்தானே வீட்டில் தினமும் செய்கிறோம் என்று நினைத்தேன்.

"ரெண்டு காலையும் தூக்குங்க. இப்ப மூச்ச விட்டுட்டே தலையத் தூக்குங்க. அப்படியே இருங்க" என்றார் பயிற்சியாளர்.

இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்குக் கீழே கிடுகிடுவென்று நடுங்கியது. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு, கிள்ளினாலும் தெரியாமல் மரத்துக் கிடந்த இடம் அது. சின்னவளுக்கே இப்போது ஆறு வயது.

பயந்துபோய், "மிஸ், வயிறு நடுங்குது! தையல் எதுனா பிரிஞ்சிடுச்சா?" என்றேன்.

அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. இத்தினி வருஷமா தூங்கின மசில் இப்பதான் எழுந்துக்குது."

நான் தலையை இறக்கவில்லை.

சின்னவள் வயிற்றுக்குள் முதன்முதலாக அசைந்த அன்றும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இன்று உள்ளே யாருமில்லை. அசைந்தது நானேதான்.

"அக்கா, மூச்ச விடுங்க!" என்று கத்தினார் மிஸ்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிறு பதில் சொன்னது. இப்போது தும்மல் வருவதுபோல் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், தும்மலாமா கூடாதா?