தெப்பக்குளத்து ரன் அவுட்

டெஸ்ட் மேட்ச் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காத ஏழெட்டுப் பேர், டெஸ்ட் மேட்சில் யார் பந்து போட வேண்டும் என்று மல்லுக்கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். சுதந்திரம் வந்த வருஷத்து மார்கழி மாதம். நம் கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வரும் இங்கிலீஷ் பேப்பர் செல்லூர் டீக்கடைக்கு வந்து சேரும்போது சாயங்காலமாகிவிடும். நூல் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த நான்தான் அங்கே பத்தாவது வரை படித்தவன். அதனால் வாசிக்கும் உத்தியோகம் எனக்கு. வாசிப்பது என்றால், எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்வது.

வேகமாகப் போடுகிறவர்கள் இல்லாமல் போய் என்ன பிரயோசனம் என்று ஒரு கட்சி. அந்த ஊர் மண்ணுக்குச் சுழற்றித்தான் போட வேண்டும் என்று இன்னொரு கட்சி. அந்த ஊர் மண் சிவப்பா கறுப்பா என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. நான் எந்தக் கட்சி என்று எனக்கே குழப்பம். எந்தக் கட்சி தோற்கிறதோ அதற்கு எதிர்க்கட்சியில் இருப்பேன். பேச்சில் தோற்பது எனக்கு ஆகாது.

யார் பந்து போடுவது என்ற அதே தகராறு, செல்லூரில் நாங்கள் வைத்திருந்த டீமிலும் இருந்தது. கேப்டன், நாலு தறி வைத்திருந்த ஒரு அண்ணன். டீமிலேயே நன்றாகப் பந்து போடக்கூடியவர், டீமில் இல்லாத ஒருவர். வண்டியூருக்குக் கிழக்கே கூலிக்கு வயல்வேலை செய்த குடும்பம் அவருடையது. இவர் மட்டும் செல்லூர் சாயப்பட்டறைக்கு வேலைக்கு வந்தார். முழங்கை வரை நீலச்சாயம் ஏறிய கை. அந்த இடதுகையால் அவர் பயிற்சிக்குப் போடும் பந்தை எங்களில் ஒருவராலும் தொட முடியாது. ஆனால் மேட்ச் என்று வந்தால் கேப்டனுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். ஒருநாள் இடதுகை ராசியில்லை என்பார். ஒருநாள் பந்தில் சாயம் ஒட்டுகிறது என்பார். உண்மைக் காரணம் டீக்கடை வாசலில், தனியாக ஒரு ஆணியில் தொங்கிய அவருடைய தகரக் குவளை. எனக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய். தினமும் பார்த்தேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னை அண்ணே என்பார். நான் அவரை வா போ என்பேன். இப்போது எழுதும்போதுதான் ‘அவர்’ என்று வருகிறது.

ஒருநாள் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. நம் பந்துவீச்சாளர் ஓடி வந்தவர் பந்தைப் போடவில்லை. தன் பக்கத்தில் நின்ற ரன்னர், பந்து கையைவிட்டுப் போகும் முன்பே கோட்டைத் தாண்டிப் புறப்பட்டதைப் பார்த்து, அந்தப் பக்கத்து ஸ்டம்பைத் தட்டி அவரை அவுட்டாக்கிவிட்டார். டீக்கடை இரண்டாகப் பிளந்தது. அது நியாயமா, திருட்டா? நான் நியாயக் கட்சி. கேப்டனும் அதே கட்சி.

“கோட்ட விட்டு வெளிய போனா அவுட்டுதான். போகச் சொன்னது யாரு?” என்று மேசையில் குத்தினார்.

அந்தச் செய்தியிலேயே இன்னொரு வரியும் இருந்தது. முந்தைய ஓர் ஆட்டத்தில் அதே ரன்னரை அவர் முதலில் ஒருமுறை எச்சரித்திருக்கிறார் என்று. அதை வாசித்தால், முதலில் சொல்லத்தான் வேண்டும், இந்தத் தடவை ஏன் சொல்லவில்லை என்று எதிர்க்கட்சிக்குப் பிடி கிடைத்துவிடும். நான் அந்த வரியை முழுங்கிவிட்டேன்.

வாசலில் குவளையோடு நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார். “அவுட்டாக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் சொல்லணுமாண்ணே?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது” என்றேன், ஏதோ சட்டத்தையே நான்தான் எழுதியதுபோல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பையன்களோடு எங்களுக்கு மேட்ச். வைகையில் தண்ணீர் வராத வருஷம். தெப்பக்குளம் காய்ந்து கிடந்தது, அதற்குள்ளேதான் ஆட்டம். நான் அவருக்காகக் கேப்டனிடம் இரண்டு நாள் வாதாடினேன். கோயிலையே எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டாயிற்று, குளத்துக்கு என்ன என்றேன். கடைசியில் கேப்டன் இறங்கி வந்தார்.

“இந்த ஒரு மேட்ச்சு போடட்டும். ஒழுங்கா நடந்துக்கிட்டா டீம்லயே வச்சுக்குவோம். ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சு, அப்புறம் அவன் பேச்சையே எடுக்கப்படாது.”

அவரிடம் அதை அப்படியே சொன்னேன். “சரிண்ணே” என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்பே வந்து, ஆடும் இடத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆறு பேரை அவர் ஒருவரே அவுட்டாக்கினார். கடைசி ஜோடி நின்றது. அவர்களுக்கு மூன்று ரன் வேண்டும். எனக்குப் பேட்டும் வராது, பந்தும் வராது, இங்கிலீஷ் வரும் என்பதால் என்னை அம்பயராக நிறுத்தியிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற ரன்னர் வெள்ளைக் கால்சட்டைப் பையன். ஒவ்வொரு பந்துக்கும் நாலடி முன்னாலேயே புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவர் ஓடி வந்தார். பந்தைப் போடாமல் குனிந்து ஸ்டம்பைத் தட்டினார். சவுக்குக் குச்சி சாய்ந்தது. பையன் கோட்டுக்கு வெளியே நின்றான்.

“அவுட்டுதானண்ணே?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட்ட சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

காலேஜ் பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் கேப்டன் ஓடி வந்தார். “என்னடா இது களவாணித்தனம்? எங்க மானத்த வாங்கவா வந்த?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அண்ணே, அன்னைக்கு டீக்கடையில நீங்கதான…” என்று இழுத்தேன்.

“அது டெஸ்ட் மேட்ச்சு. அவுக வேற, இவன் வேற. நீ அம்பயரா, இல்ல இவனுக்கு வக்கீலா? தீர்ப்பச் சொல்லு.”

சட்டப்படி அவுட். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் முழுங்கிய வரி அந்த நேரம் பார்த்துத் தொண்டைக்கு வந்து நின்றது. எச்சரிக்காமல் செய்வது தப்போ? தப்பென்றால் அது யார் தப்பு? எல்லாரும் என் விரலையே பார்த்தார்கள். பயந்துபோனேன்.

“நாட் அவுட்” என்றேன்.

அவர் குனிந்தார். குச்சியை எடுத்து நட்டார். திரும்ப ஓடி வந்து போட்ட பந்தில் எதிர்ப்பக்கத்து ஸ்டம்பு மூன்றும் சாய்ந்தன. நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்த பிறகும் ஒருவரும் அவர் பக்கம் போகவில்லை. “ஜெயிச்சு என்ன, பேரு கெட்டுப்போச்சு. இனிமே அவன் வேணாம்” என்று கேப்டன் எனக்குக் கேட்கும்படி சொன்னார். நான் குனிந்து ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் நூல் கடைக்கு வந்து, நான் எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய பேப்பரைக் கேட்டார். அவருக்கு எழுத்தே தெரியாது. எதற்கு என்று கேட்கத் தைரியமில்லாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுவந்தார். ஊர் வாத்தியாரிடம் கொடுத்து முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

“முந்தி ஒரு ஆட்டத்துல ஒருதரம் சொல்லித்தான் விட்டாராமேண்ணே. அத மட்டும் வாசிச்சிருந்தீகன்னா, நானும் அந்தத் தம்பிகிட்ட ஒருதரம் சொல்லியிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது வாதம் செய்திருப்பேன். எச்சரித்திருந்தாலும் கேப்டன் வேறு ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார் என்று பல வருஷம் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்.

அதன் பிறகு டீக்கடையில் ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை; அந்த மார்கழி முடிவதற்குள்ளேயே ஆணியில் இருந்த குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.