நிறுத்தாமல் போன பஸ்

செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டர் என்று உங்கள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இன்றைக்கு அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் முதலாளி போன மாதம் ஒரு சட்டம் போட்டார். வண்டி ஐந்து நிமிஷம் தாமதமானால் மறுநாள் கண்டக்டருக்கு வேலை கிடையாது. ஷெட் வாசலில் எல்லாரும் பார்க்க நிற்க வேண்டும். நான் இரண்டு தடவை நின்றாகிவிட்டது.

இன்று காலை மகாபலிபுரத்தில் கிளம்பும்போதே தாமதம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரு அம்மா, தோளில் குழந்தையோடு, கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே இடம் இருந்தது.

டிரைவர் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே, "இன்னாப்பா, நிறுத்தட்டா?" என்றார்.

"வேணாம், போ அண்ணாத்த" என்று விசில் கொடுத்தேன்.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மதியம் திரும்பும்போது, ஆஸ்பத்திரி எதிரே அதே அம்மா ஏறினாள். குழந்தைக்குக் கடும் ஜுரமாம். பாதி வழி நடந்து, பிறகு மாட்டுவண்டியில் வந்தாளாம். ஊசி போட்டதும் தூங்கிவிட்டதாம்.

"காலைல நீ பாக்கல போலக்கீது, நைனா. நான் கத்திகினேதான் வந்தேன்" என்றாள்.

"ஆமாம்மா, பாக்கல" என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

பஸ்ஸை நிறுத்தாததற்கு முதலாளியின் சட்டத்தைச் சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பொய்க்கு யாரைச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.