அவளை யார் ஓடச் சொன்னது?

இளம்பிள்ளைவாதம் வந்த என் இடது காலில், தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் காலிப்பர் உண்டு. அதை மாட்டாமல் நின்றால் விழுந்துவிடுவேன். இதில் சோகம் ஒன்றும் இல்லை. காலையில் பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை. அப்படி ஒருத்தியைத்தான் கதையாக எழுதினேன். கட்டுமாவடிக் கரையில் மீன் ஏலம் எடுக்கிறவள். வாய்த்துடுக்கு, பொய், பொறாமை எல்லாம் உள்ளவள். கடைசியில் கொழுந்தனோடு மல்லுக்கட்டி, ஒரு கூடை இறாலை ஏலத்தில் எடுத்துக்கொண்டு போவாள். அவ்வளவுதான் கதை.

புதுக்கோட்டையில் ஒரு வாசகர் வட்டம் சிறுகதைத் தொகுப்பு போட்டது. என் கதையையும் எடுத்துக்கொண்டார்கள். அச்சில் வரப்போகும் என் முதல் கதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு தொகுப்பாளர் போன் செய்தார்.

"கதை நல்லாருக்குங்க. முடிவுதான் இடிக்கிது. அந்தப் பொண்ணு கடைசியில நல்லா நடந்துட்டா படிக்கிறவங்களுக்கு ஒரு நிம்மதி. இல்லாட்டி செத்துப்போனாலும் பரவால்ல."

"அவளுக்குச் சாக நேரமில்லைங்க. எறாலு வெயில்ல கெட்டுப்போயிரும். ஒரு எழுத்தக்கூட மாத்தக்கூடாது."

சரிங்க சரிங்க என்று போனை வைத்தார்.

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடைக்குப் படிதான், பிடித்து ஏறக் கம்பி கிடையாது. "நீங்க கீழயே ஒக்காந்துக்குங்க, மைக்க அங்கிட்டுக் கொண்டாரோம்" என்றார் தொகுப்பாளர். ஏறிப் போனேன். பொன்னாடை போட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து போட்டோவுக்கு நிமிர்ந்தபோது அவர் என் தோளில் கிடந்த பொன்னாடையை இழுத்து, காலிப்பர் மறையும்படி மடியிலிருந்து பாதம்வரை போர்த்திவிட்டார். படம் நல்லா வரணுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதையை வாசிக்கச் சொன்னார்கள். புத்தகத்தை அப்போதுதான் திறந்தேன். கடைசிப் பத்தியில் என் கதைக்காரி காலிப்பரைக் கழற்றிக் கடலில் வீசிவிட்டு மணலில் ஓடிக்கொண்டிருந்தாள். கீழே என் பெயர் இருந்தது.

எழுந்து, பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தேன். அந்தப் பத்தியை உரக்க வாசித்தேன். கைதட்டினார்கள்.

"இத நான் எழுதல" என்றேன். "காலிப்பரக் கழட்டுனா இவ விழுந்துருவா. நானும்தான். என் கதையில இவ அத மாட்டிக்கிட்டேதான் ஜெயிச்சா. அது ஒங்களுக்குப் பொறுக்கல."

தொகுப்பாளர் என் காதருகே குனிந்தார். "அடுத்த பதிப்புல சரி பண்ணிருவோம்ங்க. சபையில வேணாமே."

"அடுத்த பதிப்பு வரும்போது பாத்துக்குவோம். இதுல என் கதை வேணாம்."

மேசையில் அடுக்கியிருந்த பிரதிகளை என் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் என் கதையைக் கிழிக்க ஆரம்பித்தேன்.

முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட ஜவுளிக்கடை முதலாளி பக்கத்து நாற்காலியில் இருந்தார். தன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்னுதுலயுமாம்மா?"

"ஒங்களுதுலதான் மொதல்ல கிழிச்சிருக்கணும். குடுங்க."