புஷ்பம் அக்கா வீட்டு ஜன்னல்

இன்று எங்கள் தொண்டர் குழுவோடு மலையகத்துத் தெல்தோட்டையில் இருந்தோம். மண்சரிவில் வீடிழந்த புஷ்பம் அக்காவுக்கு, வேறு காணி கிடைக்காததால் அதே இடத்திலேயே வீடு கட்டுகிறோம்.

ரோட்டுப் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கப் போனபோது அக்கா தடுத்தார்.

"அந்தப் பக்கம் வேணாங்க தம்பி. எண்பத்திமூணு கலவரத்துல கல்லெல்லாம் அங்கயிருந்துதான் வந்துச்சு. வடக்குல சண்டை பெருசாகுது, மறுபடி வருவாங்க."

இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். மிச்சம் மலைப்பக்கம்.

"மண்ணு சரிஞ்சது அங்கயிருந்துதானே அக்கா?"

"மலை ஒரு தடவதான வந்துச்சு. அங்கயே வைங்க."

சொன்னபடியே வைத்துவிட்டு வந்தோம்.

ஜன்னலுக்கு நல்ல பக்கம் எதுவென்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நாளை பக்கத்து வீட்டுக்கும் வைக்க வேண்டும்.